கோப்பை கையில் இருக்கும்போது கேட்ட கேள்வி

காதில் ஒருவர் பேசுவதைக் கேட்டு அதையே தன் வாயால் திருப்பிச் சொல்வதுதான் சுபாஷினியின் வேலை. வெளியூருக்குப் போய் ஆட்களைக் கண்டு பதிந்துகொண்டு வரும் குரல்களில் காற்றும் சேவலும் குழந்தை அழுகையும் கலந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு அது பிடிபடாது. ஆகவே அவள் ஹெட்போனில் கேட்டு, மைக்குக்கு நேராக நிறுத்தி நிதானமாகச் சொல்ல, திரையில் எழுத்து ஓடும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையின் மூன்றாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சுற்றாடல் அறிக்கை எழுதிக் கொடுக்கும் சின்ன இடம். கீழே ரயில் போகும்போது மட்டும் மைக்கை நிறுத்திவைக்க வேண்டும்.

அன்று காலை பத்து வீடுகள் முடிந்திருந்தன. பதினோராவது வீட்டில் அவளுடைய அம்மா பேசினாள்.

"ஆத்துத் தண்ணியாங்க? சேச்சே. அதையெல்லாம் நாங்க வாயில வைக்கிறதில்லங்க சேர். பைப்பு இருக்கு. திருகினா வருது."

சுபாஷினி அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள். 'ஆத்துத் தண்ணியாங்க' என்பதுவரை வந்தது. அதற்குமேல் நாக்கு எழும்பவில்லை. அந்த இரண்டு சொல்லுக்குப் பக்கத்தில் கோடு ஒன்று மினுக் மினுக்கென்று காத்துக்கொண்டிருந்தது.

ராக்கம்மா, வீட்டு இலக்கம் பதினொன்று என்று படிவத்தில் இருந்தது. பெயரைப் பார்க்காவிட்டாலும் தெரிந்திருக்கும். இப்படிக் குரலை மெல்லிசாக்கி இழுத்துப் பேசுவது அம்மா தோட்டத்துத் துரையிடம் மட்டுந்தான். சுபாஷினி பதிவைப் பின்னால் ஓட்டி இன்னொரு தரம் கேட்டாள். அம்மாவின் பேச்சுக்குப் பின்னால் குடம் ஒன்று சிமெந்துத் தரையில் இறங்கியது. பிறகு அண்ணியின் மூச்சுவாங்கல்: "பீலிக்குப் போற பாதை ஒரே சறுக்கா இருக்கு அத்தே."

திருகினால் தண்ணீர் வரும் வீட்டில், ஏழு மாத வயிற்றோடு அண்ணி எதற்குக் குடம் சுமக்கிறாள்?

அந்த அறிக்கை ஒரு ஆற்றங்கரைக் கூடார முகாமுக்கானது. கினிகத்ஹேனைக்குக் கீழே, களனியில் வந்து விழும் ஒரு சிற்றாற்றின் கரையில் பன்னிரண்டு கூடாரங்கள், ஒரு சமையல் கொட்டகை, நான்கு கழிவறைகள். கொழும்பு ஆட்கள் சனி ஞாயிறுகளில் வந்து தங்கிப் போவார்கள். சுபாஷினி பிறந்து வளர்ந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அதற்கு நேர் கீழே. அறிக்கையில் கையெழுத்துப் போடப்போகிற சஹ்லா மிஸ் இலேசான ஆள் இல்லை. கரையைப் பிடித்து நிற்கும் மூங்கில் புதரில் ஒரு கழியைக்கூட வெட்டக்கூடாது, விளக்குகள் நிலத்தைப் பார்த்துத்தான் எரிய வேண்டும், ஆறு பெருகும் மாதங்களில் முகாம் மூடியிருக்க வேண்டும், குப்பை வந்த வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டும் என்று பக்கம் பக்கமாக நிபந்தனை எழுதியிருந்தார். ஒரு நிபந்தனை மட்டும் அதில் இல்லை. கீழே யாராவது ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால், கழிவறைக் குழி அந்த இடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று அவர் எல்லா அறிக்கையிலும் போடுவார். இங்கே யாரும் குடிக்கவில்லை. இருபத்திரண்டு வீட்டுப் படிவத்திலும் பைப் என்றே இருந்தது. அதனால் வரைபடத்தில் குழி, மருத மரத்தடியில், சமதரையாகக் கிடந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மருத மரத்துக்குக் கீழேதான் பீலி. ஆற்றுத் தண்ணீரை மூங்கிலில் ஏந்தி வழியவிட்டுக் குடம் நிரப்பும் இடம்.

மூன்று மணிக்கு முகாம் கட்டும் கம்பனியின் ஆள் வந்து கையெழுத்திட்ட பிரதியை எடுத்துப் போவார். இப்போது பதினொன்றே முக்கால்.

கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு சுபாஷினி ஒழுங்கையில் இறங்கி நடந்தாள். நடந்துகொண்டே போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். வீட்டுக்கு அவள் பேசியே எழுத்தாக்கி அனுப்புவதுதான் வழக்கம். குரலாக அனுப்பினால் அந்த மலைக்குள் சிக்னல் போதாமல் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்து எப்படியாவது போய்ச் சேரும். ஆனால் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணி வாசலில் நின்று உரக்க வாசிப்பாள். பக்கத்துக் காம்பரா வீடுகளும் சேர்ந்து கேட்கும்.

"அம்மா, நீ ஏன் அந்த சேருகிட்ட பொய்" என்று சொன்னாள். எழுத்து வந்தது. அழித்தாள். மருமகள் வாயால் மாமியாருக்கு அதை வாசித்துக் காட்டுவதா? "அம்மா, ஒன்கிட்ட ஒரு விசயம் தனியா" என்றாள். அதையும் அழித்தாள். தனியா என்ற சொல்லை அண்ணி வாசித்தால் லயமே காதைத் தீட்டிக்கொள்ளும். கடைசியில் அண்ணன் கிருபாகரனுக்கு, "அண்ணே, பைப்பு திருத்தியாச்சா?" என்று மட்டும் அனுப்பிவிட்டுத் தண்டவாளத்தோரம் வெயிலில் நின்றாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

பத்து நிமிடத்தில் அண்ணனே அழைத்தான். கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் அங்கே பேச முடியும்.

"எந்தப் பைப்புடி?"

"மண்ணு சரிஞ்சப்ப போச்சே, அது."

"அது அன்னிக்குப் போனது போனதுதான். எந்தத் தொரை வந்து திருத்தப் போறான்? இதைக் கேக்கவா மெசேஜ் போட்ட? நான் யாரோ செத்துட்டாங்கன்னு வேலைய விட்டுட்டு ஓடி வர்றேன்."

"அப்ப அம்மா ஏன் பைப்பு இருக்குன்னு சொல்லிச்சு?"

கிருபாகரன் செருமினான்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க. அம்மா மட்டும் ஒசந்து நிக்கணுமா? ஆமா, அது எப்பிடி ஒனக்குத் தெரியும்?"

"அந்த ரிப்போட்டு எங்க ஆபீஸ்லதான் எழுதுறாங்க. நான்தான் டைப் பண்றேன்."

"சரி, டைப் பண்ணு. அதோட நில்லு. இங்க பாரு சுபா, அந்தக் கேம்ப்ல எனக்கு வாச்சர் வேலை தாரேன்னுருக்காங்க. மழை பேஞ்சாலும் பேயாட்டியும் மாசச் சம்பளம். கொழந்த வேற வரப்போவுது. நீ கொழும்புல ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு எதையாவது நோண்டிக் கெடுத்துப்புடாத."

"கக்கூசு எங்க வருதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"எங்கயாவது வரட்டும்."

"மருத மரத்தடியில அண்ணே. நம்ம பீலிக்கு மேல."

தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் ஒன்று வந்தது. வாசலில் தொங்கிய பையன்கள் யாரையோ பார்த்துச் சீட்டியடித்தார்கள். அது கடந்து முடியும்வரை அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பெரிய கம்பனி. நல்லாத்தான் கட்டுவாங்க," என்றான். முன்பிருந்த சூடு குரலில் இல்லை.

"அண்ணி அந்தத் தண்ணியத்தான் குடிக்குது."

"எனக்குத் தெரியாதா?" என்றவன் வைத்துவிட்டான்.

திரும்பி மாடிக்கு ஏறியபோது அவளுடைய மேசையோரம் ஒஸ்வால்ட் நின்று ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான். கொட்டாஞ்சேனைக்காரன். அந்த லயத்துக்குப் போய்க் கேள்வி கேட்டுப் பதிந்து வந்தவன் அவன்தான்.

"என்ன தங்கச்சி, பதினொண்டிலயே நிக்குது? மூண்டு மணிக்குக் குடுக்கோணும். சஹ்லா மிஸ் ரோல்ஸ விட்டுட்டு என்னையத்தான் கடிக்கப்போறா."

"ஒஸ்வால்ட் அண்ணா, அந்த லயத்துல ஒங்களுக்குக் குடிக்க என்ன குடுத்தாங்க?"

"அதையேன் கேக்கிற? பிளேன்டி, பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி. இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு பிளேன்டி!" ஒஸ்வால்ட் வயிற்றைத் தட்டிக் காட்டினான். "வேற ஆக்கள் அங்க போனா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தம் எண்டு சொல்லித் தப்பிடுவாங்கள். அந்தச் சனத்துக்குத் தெரியாதா, ஏன் குடிக்கிறாங்க இல்ல எண்டு? நான் ஒரு வீட்டிலயும் மறுக்கேல்ல. கோப்பைய வாங்கினாத்தான் சனம் வாயத் திறக்கும். அது என்ட ஸ்டைல்."

"தண்ணியப் பத்தி எப்பக் கேட்டீங்க?"

"குடிச்சுக் குடிச்சுத்தான். ஃபோம்ல முதல் கேள்வியே அதுதானே."

சுபாஷினி நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் சாயம் போகாத ஒரே ஒரு கோப்பை அவள் கண்ணுக்குள் வந்தது. நீலப் பூப்போட்டது. யாராவது பெரிய மனிதர் வந்தால் மட்டும் அலமாரிக்கு மேலிருந்து இறங்கும். பெரும்பாலும் நிறைந்தபடியே திரும்பி வரும். அன்று ஒரு சேர் வந்து, கேட்டு வாங்கி, வாயில் வைத்துக் குடித்துக்கொண்டே, நீங்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். என்னவென்று சொல்வாள்? இருபத்திரண்டு வீட்டிலும் யார்தான் சொல்வார்கள்?

"அங்க பைப்பு இல்லண்ணா," என்றாள்.

"என்ன?"

"ஒன்றரை வருசமா இல்ல. எல்லாரும் ஆத்துத் தண்ணிதான் குடிக்கிறாங்க. பதினோராவது வீடு எங்க வீடு. அது எங்கம்மா."

ஒஸ்வால்ட் மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப நான் குடிச்சது?" என்றான் மெதுவாக. லயத்துக்குப் போய்வந்த வாரம் முழுக்க அவன் வயிற்றுவலியென்று அலுவலகத்துக்கு வராததும், வழியில் கொத்து ரொட்டி சாப்பிட்ட கடைக்காரனைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டியதும் எல்லோருக்கும் தெரியும். "இல்ல, இல்ல. பிளேன்டி எண்டா கொதிச்சதுதானே. கொத்துக்காரன்தான். கட்டாயம் கொத்துக்காரன்தான்." பாதி ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிவைத்தான். "வா, மிஸ்ஸிட்டப் போவம்."

சஹ்லா மிஸ் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரைபடத்தை விரித்துவைத்திருந்தார். சுபாஷினி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. முடிந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"இந்த ஃபைல் தொடங்கக்குள்ள எல்லாருக்கும் குடுத்த ஃபோம் இது. அந்த இடத்தில சொந்தக்காரங்க ஈக்காங்களா எண்டு கேட்டீக்கி. நீங்க ஒண்டும் எழுதல்ல."

"பயத்துல மிஸ்."

"என்னத்துக்குப் பயம்?"

"ஃபைல என்கிட்டருந்து எடுத்துடுவீங்கன்னு. இந்த மாசத்தோட என்னோட நாலு மாசத் தற்காலிக வேலை முடியுது. வேலை இல்லன்னு அனுப்பிடுவீங்கன்னு."

"எடுத்துத்தான் ஈப்பேன்," என்றார் சஹ்லா மிஸ். "அதுக்குத்தான் அந்தக் கேள்வி. சரி, அத பொறகு பேசுவோம். இப்ப கேளுங்கோ. நீங்க சொல்றத நான் எழுத ஏலாது. இருபத்திரண்டு பேர் பைப் எண்டு சொல்லி ரெக்கோடிங் ஈக்குது. இல்லெண்டு சொல்றது ஒங்கட ஆபீஸ் புள்ள ஒராள், அதுவும் அந்த ஊட்டுப் புள்ளயா எண்டு கம்பனி கேட்டா என்ட வாய் அடஞ்சி போகும். குடிக்கிறவங்கட வாயால வரணும். மூணு மணிக்கு முந்தி."

"வரல்லாட்டி?" என்றான் ஒஸ்வால்ட்.

"ஈக்கிற ரெக்கோடிங்கத்தான் நான் நம்பணும்." சஹ்லா மிஸ் வரைபடத்தில் மருத மரத்தின்மேல் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

மேசைக்குத் திரும்பி சுபாஷினி போனை எடுத்தாள். ஒன்றரை மணி. என்ன சொன்னாலும் அது அண்ணன் கைக்குப் போகும், அண்ணி வாய்க்குப் போகும், லயத்தின் காதுக்குப் போகும். யார் வாசித்தாலும் அம்மாவின் தலை குனியாத மாதிரி ஒரு பேச்சு வேண்டும். மூன்று தரம் தொடங்கி மூன்று தரம் அழித்தாள். நாலாவது தரம், கண்ணை மூடிக்கொண்டு, அண்ணியின் குரலிலேயே அதைக் கேட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, ஒன் கையால தேத்தண்ணி குடிச்ச சேரு இங்கதான் இருக்காரு. ஒன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்ங்கறாரு. அண்ணனோட பாறைக்கு வா. இன்னிக்கே. மூணு மணிக்குள்ள."

அனுப்பினாள். ஒரு சரி அடையாளம் விழுந்தது. சற்றுப் பொறுத்து இரண்டாவது சரியும் விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை.

இரண்டு மணிக்கு அழைத்துப் பார்த்தாள். தொடர்பில் இல்லை என்றது. இரண்டு இருபதுக்கும் அதுவே. தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கேயாவது போயிருப்பான். அம்மாவிடம் காட்டியிருக்கவே மாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. தினக்கூலிக்கு அலைந்து அவன் பட்டது அவளுக்குத் தெரியும். ஜிந்துப்பிட்டியில் மூன்று பெண்களோடு அவள் பங்கு போட்டிருக்கும் அறைக்கு முற்பணம் கொடுத்ததே அவன்தான். பக்கத்தில் ஒஸ்வால்ட் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நிறுத்தினால் இன்னும் மோசமாக இருக்கும்போலவும் இருந்தது.

இரண்டு முப்பத்தெட்டுக்குக் கீழே வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கம்பனி ஆள் நேரத்தோடு வந்துவிட்டார். அதே நேரத்தில் போன் அதிர்ந்தது.

சஹ்லா மிஸ்ஸின் மேசைக்கு ஓடினாள். ஸ்பீக்கரில் போட்டார்கள். பாறைமேல் காற்று அடிப்பது கேட்டது.

"ரெக்கோட் பண்றம் எண்டு முதல்ல சொல்லுங்கோ," என்றார் சஹ்லா மிஸ்.

ஒஸ்வால்ட் குனிந்து, "அம்மா, நான் அண்டைக்கு வந்த ஆள் கதைக்கிறன். நீங்க சொல்றத இங்க பதியிறம். பரவாயில்லையா?" என்றான்.

"ஐயோ, சேருங்களா!" அம்மாவின் மெல்லிசுக் குரல். "ஒடம்புக்கு ஏதும் ஆச்சுங்களா? என்ன செஞ்சுச்சு? வயித்துக்குங்களா? மூணு கொதி வச்சுத்தாங்க ஊத்துனேன். சத்தியமா மூணு கொதி."

ஒஸ்வால்ட் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்டும் இல்லம்மா. நல்ல தேத்தண்ணி. அதாலதான் கேக்கிறன். என்ன தண்ணியில போட்டீங்க?"



"பைப்புத் தண்ணின்னு சொன்னேனே சேர்," என்றாள் அம்மா. குரல் இன்னும் மெலிந்தது.

சுபாஷினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பேச வாயெடுத்தவளை சஹ்லா மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் பேசினால் அது பிள்ளை சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

அந்தப் பக்கம் போன் கைமாறும் சரசரப்பு.

"சேர், நான் மகன், கிருபாகரன். அது ஆத்துத் தண்ணி சேர். மண்ணு சரிஞ்சதுலருந்து பைப்பு இல்ல. லயம் முழுக்க ஆத்துலதான் எடுக்கிறோம். குடிக்க, சமைக்க, எல்லாத்துக்கும்."

"டேய், குடுடா இப்பிடி," என்றாள் அம்மா பின்னால். இப்போது அது துரைக்குப் பேசும் குரல் இல்லை. பீலிக்கரையில் சண்டை பிடிக்கும் சொந்தக் குரல். "அவரு கோப்பைய கையில வச்சுக்கிட்டுல்ல கேட்டாரு? பாதிதான் குடிச்சிருந்தாரு. அப்பப் போயி ஆத்துத் தண்ணின்னு எந்த வாயால சொல்றது? பொசுக்குன்னு கீழ வச்சிருப்பாரு. முன்ன வந்தவங்கல்லாம் வச்ச மாதிரி. கேக்கிறதுன்னா குடுக்கிறதுக்கு முந்தில கேட்டுருக்கணும் சேர். நீங்க படிச்சவங்கதானே."

ஒஸ்வால்ட் தலையில் கையை வைத்தான். சஹ்லா மிஸ் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"தம்பி, நான் சஹ்லா பேசுறேன். அந்தப் பீலிக்கும், மேலே குழிக்கு எண்டு செவப்புத் துணி கட்டி அடிச்சீக்கிற முளைக்கும் எவ்வளவு தூரம் ஈக்கும்? சும்மா ஒரு கணக்குச் சொல்லுங்கோ."

"முப்பத்தாறு மீட்டர், மிஸ். கயிறு போட்டு அளந்துட்டுத்தான் வந்தேன். அதான் லேட்டு." என்றான். "எனக்கு அங்க வாச்சர் வேலை தர்றதா சொன்னாங்க மிஸ். என் பேர எழுதுவீங்களா?"

"எழுதத்தான் வேணும் தம்பி."

"ம்," என்றான் கிருபாகரன். "எழுதுங்க."

கம்பனி ஆள் வெறுங்கையோடு கீழே இறங்கிப் போகும்போது செருப்புச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. குழியை வேறு பக்கம் கொண்டுபோக இடம் உண்டா, இல்லையென்றால் முகாமே வேறு ஆற்றுக்குப் போகுமா என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும். முதலில் கேள்வி, பிறகுதான் தேத்தண்ணி என்று சஹ்லா மிஸ் படிவத்தின் தலையிலேயே எழுதினார்.

பிறகு சுபாஷினியைப் பார்த்தார். "இந்த ஃபைல்ல நீங்க இனிக் கை வைக்க வேணாம். மாசக் கடைசியப் பத்தி நான் இப்ப ஒண்டும் சொல்ல மாட்டேன். மறைச்சதும் ஈக்குது, சொன்னதும் ஈக்குது. ரெண்டயும் யோசிக்கணும்."

"சரி மிஸ்," என்றாள்.

மேசைக்கு வந்து, பதினோராவது வீட்டில் பாதியில் நின்றுபோன அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு ஃபைலை மூடினாள். அதற்கிடையில் போனில் இரண்டு செய்திகள் வந்து கிடந்தன. ஒன்று அண்ணனுடையது: வாச்சர் வேலை போனா நீதான் எங்களுக்குச் சோறு போடணும், ஞாபகம் வச்சுக்க. அதில் கோபம் எவ்வளவு, கேலி எவ்வளவு என்று எழுத்தில் தெரியவில்லை. மற்றது அண்ணி அதே போனில் தட்டியது: அந்த சேருக்கு மெய்யாலுமே ஒன்னும் ஆகலியான்னு அத்தே கேக்குது, பாறைய விட்டு எறங்க மாட்டேங்குது.

ஒஸ்வால்ட் தோளுக்கு மேலால் அதை வாசித்தான். "சொல்லு தங்கச்சி. அடுத்த கெழமை வருவன் எண்டு சொல்லு. மிஸ் விட்டா."

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள். கீழே ரயில் வந்தது. கட்டடம் அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. வண்டி நீளமானது. அங்கே பாறைமேல் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சுபாஷினி மைக்கை நிறுத்தியபடி கடைசிப் பெட்டி போகும்வரை காத்திருந்தாள்.